மாயர் நெடுங்கற்களில் மாந்தர் வரலாறு

கல்லிலே உருவம் சமைப்பதற்கு இருவகை முறைகள் உண்டு. நாற்புறமும் சுற்றிவந்து காணத்தக்க வகையில் முழு உருவத்தையும் கல்லினின்று விடுவித்துச் செதுக்குதல் ஒன்று. கல்லின் ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உருவத்தைச் சுற்றியுள்ள தளத்தைச் செதுக்கித் தாழ்த்தி, உருவம் மேலெழுந்து நிற்குமாறு செய்தல் மற்றொன்று. பின்னதையே புடைப்புச் சிற்பம் என்கிறோம். முழு உருவச் சிற்பம் தனித்து நிற்பது. புடைப்புச் சிற்பமோ ஏட்டின் பக்கத்தைப் போன்றது. அதில் உருவத்திற்குப் பின்னணி உண்டு. உருவத்தின் அருகிலேயே எழுத்துப் பொறிக்கவும் இடம் உண்டு. ஆகவேதான் பண்டை நாகரிகங்கள் பலவற்றில் செய்தி கூறும் பொறுப்பு இச்சிற்ப வகையைச் சார்ந்தது.

அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதியில், இன்றைய மெக்சிகோவின் நடுப்பகுதியிலிருந்து குவாத்தமாலா, பெலீசு வழியாக ஒண்டுராசு வரை பரந்து கிடக்கும் நிலப்பகுதியை இடையமெரிக்கா என்று வரலாற்றறிஞர் வழங்குவர். ஐரோப்பியர் கால்வைப்பதற்கு முன்னரே அங்குப் புடைப்புச் சிற்பக்கலை ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் வளர்ந்திருந்தது. வளைகுடாக் கரையில் வாழ்ந்த ஒல்மெக்கர், ஒவாகாக்கா பள்ளத்தாக்கின் சாப்போத்தெக்கர், தென்பகுதிக் காடுகளில் வாழ்ந்த மாயர், மெக்சிகோ நகர் இருக்கும் மேட்டுநிலத்தை ஆண்ட அசுடெக்கர் எனப் பல இனத்தார் அக்கலையைத் தத்தம் வழியில் வளர்த்தனர். 1790ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரின் பெருந்திடலில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட அசுடெக்கரின் வட்ட வடிவ ஞாயிற்றுக்கல் இன்று உலகறிந்த ஒன்று.

இக்கட்டுரையில் அவையனைத்தையும் கூற இடமில்லை. மாயர் நகரம் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கு நின்ற கற்களை அறிஞர் நூறாண்டுக்கு மேலாக எவ்வாறு பிழைபடப் புரிந்துகொண்டனர், பின்னர் அப்பிழை எவ்வாறு திருந்திற்று என்பதைக் காண்போம். பாடம் சொல்லும் நமக்கு அக்கதையில் பயன் மிகுதியும் உண்டு.

தொடங்குமுன் ஒன்று கூறவேண்டும். மாயர் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மில் சிலர், நம் நூல்கள் கூறும் மயன் என்னும் தச்சனோடு அதனை இணைத்துவிடுவர். இரு பெயர்களும் ஒலியால் ஒத்திருப்பது உண்மை. ஆயின், ஒலி ஒப்புமை ஒன்று மட்டுமே உறவுக்குச் சான்றாகிவிடாது. மாயர்தம் மொழியும் எழுத்தும் நாட்காட்டியும் அம்மண்ணிலேயே தோன்றி அங்கேயே வளர்ந்தவை.

ஆற்றங்கரை நகரம்

மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் இடையே பல கல் தொலைவு எல்லையாக ஓடுவது உசுமசிந்தா என்னும் பேராறு. அதன் குவாத்தமாலாக் கரையில், அடர்ந்த காட்டினுள்ளே பியெத்ராசு நெக்ராசு என்னும் பாழ்நகரம் கிடக்கிறது. கருங்கற்கள் என்று பொருள்படும் இப்பெயர் இசுபானிய மொழியினது. அந்நகர மக்கள் தங்கள் அரசுக்கு யோக்கிப் என்று பெயரிட்டிருந்தனர் என்பதை இன்று அவர்தம் கல்வெட்டுகளே தெரிவிக்கின்றன.

கி.பி. 250 முதல் 900 வரையுள்ள காலத்தை மாயர் வரலாற்றின் செம்மைக்காலம் என்பர். அக்காலத்தில் ஒவ்வொரு மாயர் நகரமும் தனக்கென ஓர் அரசனைக் கொண்ட தனி நாடாக விளங்கிற்று. அந்நகரங்களின் கோயில்களுக்கு முன்னே, ஆளுயரத்தையும் விஞ்சிய கற்பலகைகளை நிமிர்த்தி நாட்டினர். இவற்றை நெடுங்கல் எனலாம். நெடுங்கல்லின் முகத்தில் அணிகலன்களும் இறகு முடியும் பூண்ட உருவம் நிற்கும். அதன் அருகிலும் கல்லின் பக்கவாட்டிலும் சிறுசிறு சதுரங்களாக எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்.

இச்சிற்பங்களைச் செதுக்கிய கைகளில் இரும்பு உளி இருந்ததில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அக்காலத்து மாயர் உலோகக் கருவிகளைக் கையாண்டதாகச் சான்றில்லை. தீக்கல்லும் அதனினும் வலிய பிற கற்களுமே அவர்தம் கருவிகள். கல்லைக் கல்லால் கொத்தி, கல்லால் செதுக்கி, கல்லால் தேய்த்தே மெருகேற்றினர். சுமையிழுக்க மாடோ குதிரையோ அவர்களிடம் இல்லை, வண்டியும் இல்லை. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த புதிதில் சற்று மென்மையாக இருக்கும் என்பது ஒன்றே அவர்களுக்குக் கிட்டிய உதவி. செதுக்கி முடித்தபின் சிவப்பு முதலிய வண்ணங்களைத் தீட்டினர். இன்று நாம் காணும் வெளிறிய கல் மழையும் வெயிலும் எஞ்சவிட்டதேயன்றி, அவர்கள் கண்ட காட்சியன்று.

படிக்க முடிந்தது எண் ஒன்றே

1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சான் இலாயிடு இசுடீபன்சும், ஆங்கிலேய ஓவியரான பிரெடெரிக் காதர்வுட்டும் மாயர் காடுகளுக்குள் புகுந்தனர். கற்களை நேரிற் கண்ட இசுடீபன்சு, அவற்றில் பொறிக்கப்பட்டிருப்பது அந்நகரத்து மன்னர்களின் வரலாறாகவே இருத்தல் வேண்டும் என்று கருதினார். எழுத்தில் ஒன்றையும் படிக்கவியலாத நிலையிலும் அவர் கருத்து மெய்யை ஒட்டியே இருந்தது. ஆயின் பின்வந்த பேரறிஞர் அக்கருத்தைக் கைவிட்டனர். ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செருமனியிலுள்ள திரெசுதென் நகரின் நூலகத்தாராகிய எர்ன்சுட்டு பேர்ச்தெமான், அந்நூலகத்திலிருந்த மாயர் ஏடு ஒன்றனை ஆராய்ந்து மாயர்தம் எண்களையும் நாட்காட்டியையும் விளக்கினார். மாயர் எண்ணும் முறை எளிதானது. புள்ளி ஒன்றைக் குறிக்கும்; கோடு ஐந்தைக் குறிக்கும்; சிப்பி போன்ற வடிவம் சுழியத்தைக் குறிக்கும். மூன்று கோடும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் பதினாறு. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுபோல் அவர்கள் இருபது இருபதாக எண்ணினர். நாட்கணக்கில் மட்டும் சிறு மாறுதல் உண்டு. இருபது நாள் ஒரு மாதம். பதினெட்டு மாதம், அதாவது 360 நாள், ஓராண்டு. இருபது ஆண்டு, அதாவது 7,200 நாள், ஒரு கத்தூன். இருபது கத்தூன், அதாவது 144,000 நாள், ஒரு பக்தூன். இக்கணக்கு தொடங்கும் நாள், நம் நாட்காட்டியின்படி கி.மு. 3114ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 11ஆம் நாளாகும்.

இக்கணக்கு தெரிந்தவுடன் கற்களிலுள்ள நாள்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. ஆயின், எண்ணும் நாட்பெயரும் தவிர ஏனைய எழுத்துகள் ஊமையாகவே நின்றன. இங்கேதான் பிழை நுழைந்தது. படிக்க முடிந்தவை நாள்களாகவும் கோள்களின் கணக்காகவுமே இருந்தமையால், எழுதப்பட்டவை அனைத்துமே அவைதாம் என்று அறிஞர் முடிவு கட்டினர். சில்வேனசு மோர்லி, எரிக் தாம்சன் போன்ற மாயர் ஆராய்ச்சியின் தலைவர்களே இவ்வாறு கருதினர். மாயர் போரறியாத அமைதி விரும்பிகள் என்றும், வானத்தை நோக்கிக் காலத்தை வழிபட்ட பூசாரிகளே அவர்களை வழிநடத்தினர் என்றும், கற்களில் நிற்பவை கடவுளர் அல்லது பூசாரிகளின் உருவங்கள் என்றும் நூல்கள் எழுதப்பட்டன. தாம்சன் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலும் கற்களில் தனிமனிதர் வரலாறு இல்லை என்னும் கொள்கையே நிலைநாட்டப்பட்டது.

அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். மாயர் நாட்கணக்கை உலகறியச் செய்தவர்களுள் அவர்களும் இருந்தனர். ஆயினும், தமக்குத் தெரிந்த பகுதியைக் கொண்டு தெரியாத பகுதியையும் அளந்துவிட்டனர்.

கட்டடக் கலைஞர் கண்

இப்பிழையைத் திருத்தியவர் தாத்தியானா புரோசுகூரியாக்கோவ் என்னும் அம்மையார். 1909ஆம் ஆண்டில் சைபீரியாவின் தோம்சுக்கு நகரில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர். 1930இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டிய காலம் அது; கட்டடக்கலையில் அவருக்கு வேலை கிட்டவில்லை. படம் வரையும் திறத்தால் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தோடு தொடர்பு ஏற்பட, 1936இல் அதன் அகழ்வாய்வுக் குழுவினருடன் பியெத்ராசு நெக்ராசுக்குச் சென்றார். இடிந்து கிடந்த கோயில்களும் மாளிகைகளும் வாழ்ந்த காலத்தில் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அளந்து கணித்து வரைவது அவர் பணி.

எந்தக் கல் எந்தக் கட்டடத்தின் முன் நின்றது என்பதைக் கட்டடக் கலைஞர் கவனியாதிரார். இப்பழக்கமே பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது.

அக்கற்களை அவருக்கு முன்னரே ஒளிப்படம் எடுத்து வெளியிட்டவர் தியோபெர்ட் மாலர். அவர் படங்கள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியக வெளியீடாக 1901இல் வந்தன. அப்படங்களையும் கற்களின் நாள்களையும் கற்கள் நின்ற இடங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்த அம்மையார் சில செய்திகளைக் கண்டார்.

முதலாவது, நெடுங்கற்கள் நகரெங்கும் சிதறி நிற்கவில்லை, குழுக்குழுவாக நின்றன. ஒவ்வொரு குழுவும் ஒரு கட்டடத்தின் முன் அமைந்திருந்தது. ஒரு குழுவில் 1,800 நாளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒன்றாகக் கல் நாட்டப்பட்டிருந்தது. ஒரு குழு முடிந்தபின் வேறு கட்டடத்தின் முன் அடுத்த குழு தொடங்கிற்று.

இரண்டாவது, குழுவின் முதற்கல்லில் ஒரே வகையான காட்சி காணப்பட்டது. உயரத்தில் ஒரு மாடம். அதனுள்ளே அமர்ந்த ஓர் ஆள். கீழிருந்து மாடத்திற்குச் செல்லும் ஏணி. அவ்வேணியில் மேல்நோக்கிச் செல்லும் அடிச்சுவடுகள். மாடத்தில் இருப்பவரின் முகம் கல்லினின்று வெளிவந்துவிட்டாற்போல ஆழமாகக் குடையப்பட்டிருக்கும். சுற்றியுள்ள அணிகளோ தாழ்ந்த புடைப்பில் இருக்கும். காண்போர் விழி முதலில் அம்முகத்திலேயே சென்று நிற்கும். இது கடவுள் ஒருவர் விண்ணேறும் காட்சி என்றெல்லாம் முன்னர் விளக்கப்பட்டது.

மூன்றாவது, ஒவ்வொரு குழுவிலும் இரு நாள்கள் தனிச்சிறப்போடு குறிக்கப்பட்டிருந்தன. ஒரு நாளுக்கு அருகில், மேல்நோக்கிய தவளைத்தலை போன்ற குறி. மற்றொன்றின் அருகில், தாடையைத் துணியால் கட்டிய தலை போன்ற குறி. பல்வலிக்காரர் கட்டுப்போட்டாற்போல் இருந்தமையால் அறிஞர் அதனைப் பல்வலிக் குறி என்றே வேடிக்கையாக அழைத்தனர். பல்வலி நாள், மாடக் காட்சியுடைய முதற்கல் நாட்டப்படுவதற்குச் சற்று முந்தியது. தவளை நாளோ அதற்கும் 12 முதல் 31 ஆண்டு வரை முந்தியது.

இனி இவற்றைக் கூட்டிப் பார்ப்போம். ஒரு குழுவிலுள்ள நாள்கள் அனைத்தும் ஒரு மனிதரின் வாழ்நாளுக்கு மேல் நீளவில்லை. தவளை நாளில் நிகழ்ந்ததைக் கொண்டாடி அப்பொழுதே எவரும் கல் நாட்டவில்லை. பல ஆண்டு கழித்தே, பழைய செய்தியாக அது குறிக்கப்படுகிறது. நிகழ்ந்தபோது பெரிதாகத் தோன்றாமல், பின்னர் நினைவுகூரத்தக்கதாகும் நிகழ்ச்சி யாது? அது பிறப்பேயன்றோ! பிறந்த குழந்தை பின்னர் அரசனாகும் என்பதை அன்று யாரறிவார்? அங்ஙனமாயின், பல்வலி நாள் அக்குழந்தை வளர்ந்து அரியணை ஏறிய நாள். மாடம் என்பது அரியணை. ஏணியின் அடிச்சுவடுகள் அதில் ஏறியவருடையவை. ஒவ்வொரு குழுவும் ஓர் அரசரின் ஆட்சி வரலாறு.

1960ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொல்லாய்வு இதழ் ஒன்றில் அம்மையார் இம்முடிவை வெளியிட்டார். ஓரெழுத்தின் ஒலியைக்கூட அவர் படித்தாரில்லை. நாள்களின் இடைவெளியும் உருவங்களின் அமைப்பும் கற்கள் நின்ற இடமும் ஆகிய மூன்றுமே அவருடைய சான்றுகள். முதலில் இதனை ஏற்க மறுத்த தாம்சன், கட்டுரையைப் படித்தபின் அம்மையார் கூற்றே சரியென ஒப்புக்கொண்டார். தம் வாழ்நாட் கொள்கைக்கு மாறானதை ஒப்புக்கொண்ட அப்பெருந்தன்மையும் பாராட்டத்தக்கது.

ஓர் அரசியும் அவர் மகளும்

அம்மையாரின் ஆய்வு வேறொரு திரையையும் விலக்கிற்று. நீண்ட அங்கி அணிந்து நின்ற உருவங்களைப் பூசாரிகள் என்றே அதுவரை கூறிவந்தனர். அவ்வுருவங்களைக் குறிக்கும் பெயர்களின் முன்னே ஒரு பெண்தலைக் குறி வருவதை அம்மையார் கண்டார். அவர்கள் பூசாரிகள் அல்லர், அரசகுலப் பெண்டிர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மூன்றாம் எண்ணுள்ள நெடுங்கல். அதன் ஒரு முகத்தில், பெரிய தலையணி பூண்ட பெண்ணொருத்தி அரியணையில் அமர்ந்திருக்கிறார். அவரருகே ஒரு சிறுமி இருக்கிறாள். பக்கத்தில் நாட்கணக்கோடு கூடிய கல்வெட்டு. அதனை நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் வரும் எண்கள் 9, 12, 2, 0, 16 என்பன. ஒன்பது பக்தூன் 1,296,000 நாள். பன்னிரண்டு கத்தூன் 86,400 நாள். இரண்டு ஆண்டு 720 நாள். மாதம் சுழியம். நாள் 16. ஆகக் கூடுதல் 1,383,136 நாள். கி.மு. 3114இலிருந்து இத்தனை நாள் எண்ணினால் கி.பி. 674ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு வருகிறோம். அந்நாளின் பக்கத்தில் தவளைக் குறி. ஒரு பெண்ணின் பெயர். அவ்வாண்டில் அப்பெண் பிறந்தார் என்பது பொருள்.

அடுத்து, 12 ஆண்டும் 10 மாதமும் கழிந்தன என்கிறது கல். அஃதாவது 4,520 நாள். நம் கணக்கில் பன்னிரண்டு ஆண்டும் நான்கு மாதமும். கி.பி. 686இல் அப்பெண்ணுக்குத் திருமணம் நடைபெற்றது. மணமகன், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அரியணை ஏறிய மன்னர். பின்னர் 7,790 நாள் கழிந்தன. கி.பி. 708இல் ஒரு மகள் பிறந்தாள். அப்பொழுது தாயின் வயது முப்பத்து மூன்று. அதற்குமேலும் கணக்கு செல்கிறது. 711ஆம் ஆண்டில் மன்னர் ஆட்சிக்கு வந்து, 360 நாள் கொண்ட ஆண்டுக் கணக்கில், 25 ஆண்டு நிறைவெய்தியது. அவ்வாண்டின் இறுதியில், பதினான்காம் கத்தூன் நிறைவுறும் நன்னாளோடு கல்வெட்டு முடிகிறது. சிற்பத்தில் தாயருகே இருக்கும் சிறுமிக்கு அன்று வயது மூன்று நிறைந்திருந்தது.

காலத்தை வணங்கும் பூசாரி என்று கருதப்பட்ட உருவம், பன்னிரண்டு வயதில் மணமுடித்து, முப்பத்து மூன்று வயதில் மகளைப் பெற்று, அம்மகளைத் தன்னருகே அமர்த்திக்கொண்ட ஒரு தாயாக நம் முன் நிற்கிறது. எண்கள் மாறவில்லை, முன்னரும் அவற்றைச் சரியாகவே படித்திருந்தனர். அவை யாருடைய நாள்கள் என்பதே தெரியாதிருந்தது.

ஒலியும் வந்து சேர்ந்தது

இதே காலத்தில் வேறு இரு திசைகளிலிருந்தும் ஒளி பரவிற்று. 1958இல் ஐன்ரிக் பெர்லின் என்பார், ஒவ்வொரு நகரத்திற்கும் உரிய தனிக்குறி கல்வெட்டுகளில் வருவதை எடுத்துக்காட்டினார். அதற்கு முன்னரே, 1952இல், லெனின்கிராடு நகரிலிருந்து யூரி நோரோசோவ் என்னும் இளம் அறிஞர் மாயர் எழுத்தின் ஒலிமுறையை விளக்கியிருந்தார்.

அவ்வெழுத்தின் இயல்பை நாம் எளிதில் உணரலாம். அதில் ஒரு சொல்லை முழுமையாகக் குறிக்கும் குறிகளும் உண்டு. நம் உயிர்மெய்யைப் போல மெய்யும் உயிரும் சேர்ந்த ஓசையைக் குறிக்கும் குறிகளும் உண்டு. மெய்யில் முடியும் சொல்லை எழுதும்போது, கடைசிக் குறியின் உயிரோசை ஒலியாது நின்றுவிடும். மாயர் ஏட்டில் வான்கோழிப் படத்தின் மேலே இரு குறிகள் இருந்தன. வான்கோழிக்கு அம்மொழியில் குட்ஸ் என்று பெயர். ஆகவே அவை கு, ட்சு என்றார் நோரோசோவ். நாய்ப் படத்தின் மேலும் இரு குறிகள். நாய்க்கு ட்சுல் என்று பெயர். அங்கே முதற்குறியாக அதே ட்சு வந்து நின்றது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை மெய்ப்பித்தது.

அவர் பெரிதும் துணைக்கொண்டது, தியேகோ தெ இலாந்தா என்னும் இசுபானியத் துறவி பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்த எழுத்துப் பட்டியலை. 1562இல் மாயர் ஏடுகளைக் குவித்துத் தீயிட்டவரும் இத்துறவியே. அழித்தவர் கையெழுத்தே மீட்பதற்கும் உதவிற்று. கொலம்பசுக்கு முற்பட்ட மாயர் ஏடுகளில் இன்று எஞ்சியவை நான்கே. ஆதலின், கல்லில் உள்ளதே மாயர் வரலாற்றின் பெரும்பகுதி என்பதை உணரலாம்.

அம்மையார் கண்ட அமைப்பும் நோரோசோவ் கண்ட ஒலியும் பிற்காலத்தில் இணைந்தன. மன்னர் பெயர்களே படிக்கப்பட்டன. மாயர் போரறியாதவர் என்னும் கருத்தும் வீழ்ந்தது. பியெத்ராசு நெக்ராசின் பன்னிரண்டாம் நெடுங்கல், கி.பி. 795ஆம் ஆண்டினது, அதில் மேலே மன்னர் அமர்ந்திருக்க, கீழே கட்டுண்ட போர்க்கைதிகள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றனர். அக்கல்லிலேயே அதனைச் செதுக்கிய சிற்பியர் பலரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னனைப் பற்றிய கல்லில் தம் பெயரையும் பொறிக்கும் உரிமை அச்சிற்பியர்க்கு இருந்தது. அந்நகரின் முடிவையும் ஒரு கல்லே கூறுகிறது. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள யாசுசிலான் நகரத்துக் கல்வெட்டு, கி.பி. 808இல் பியெத்ராசு நெக்ராசு மன்னரைச் சிறைப்பிடித்ததை அறிவிக்கிறது. அதன்பின் அந்நகரில் நெடுங்கல் எழவில்லை.

பிழைபடப் பெயரிட்ட செயல் மாயர் நாட்டோடு நின்றதன்று. ஒவாகாக்காவிலுள்ள மோந்தே அல்பான் மலைநகரில் முந்நூற்றுக்கு மேற்பட்ட கற்பலகைகளில் ஆடையற்ற மாந்தர் வளைந்தும் நெளிந்தும் காணப்படுகின்றனர். அவை கிறித்துவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்கு முன் செதுக்கத் தொடங்கப்பட்டவை. அவற்றுக்கு நடனமாடுவோர் என்று பெயர் வழங்கிவந்தது. உற்று நோக்கினால் அவர்தம் கண்கள் மூடியுள்ளன, வாய் திறந்துள்ளது, கைகால் துவண்டுள்ளன, சிலருக்கு உறுப்புகள் அறுக்கப்பட்டுள்ளன. ஆட்டம் என்று கண்டது கொல்லப்பட்ட பகைவரின் கோலம் என்பதே இன்று அறிஞர் பலர் கருத்து. பழைய பெயர் மட்டும் இன்றும் நீங்கவில்லை.

இடம் பெயர்ந்தால் இழப்பு

புரோசுகூரியாக்கோவ் அம்மையாரின் சான்றுகளுள் ஒன்றை மீண்டும் நினைவூட்ட விரும்புகிறேன். கற்கள் எந்தக் கட்டடத்தின் முன், எக்கல்லுக்கு அடுத்து நின்றன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாதிருந்தால் குழு என்பதே புலப்பட்டிராது; குழு புலப்படாவிடின் ஆட்சி புலப்பட்டிராது; பிறப்பும் முடிசூட்டும் விளங்கியிரா.

அவர் கட்டுரை வெளிவந்த அதே பத்தாண்டில்தான் அக்காடுகளில் கல் திருட்டுப் பெருகிற்று. நெடுங்கல் மிகுந்த எடையுடையது. முழுமையாகத் தூக்கிச் செல்வது அரிது. ஆகவே திருடர் புடைப்புள்ள முகத்தை மட்டும் மெல்லிய பலகையாக அறுத்தெடுத்தனர். அல்லது துண்டு துண்டாக உடைத்தனர். உருவம் விலைபோகும், பக்கவாட்டிலிருந்த எழுத்து விலைபோகாது. எனவே எழுத்து காட்டிலேயே சிதைந்து கிடந்தது. கிளெமன்சி காகின்சு என்னும் அம்மையார் 1969இல் எழுதிய கட்டுரையில், காணாமற்போன கற்களையும் அவை சென்று சேர்ந்த இடங்களையும் வெளிப்படுத்தினார். பியெத்ராசு நெக்ராசுக் கற்களும் அவற்றுள் அடங்கும். 1970இல் யுனெசுகோ அமைப்பு பண்பாட்டுச் செல்வங்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. 1972இல் அமெரிக்க நாடும், கொலம்பசுக்கு முற்பட்ட பெருஞ்சிற்பங்களை உரிய இசைவின்றி இறக்குமதி செய்வதைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. அவற்றின் பின்னரும் திருட்டு முற்றாக ஒழிந்ததென்று கூறுவதற்கில்லை.

அழகிய சிற்பம் ஒன்று எங்கோ ஒரு செல்வரின் கூடத்தில் பாதுகாப்பாகத்தானே இருக்கிறது என்று சிலர் கருதலாம். உருவம் பாதுகாப்பாக இருக்கலாம். அது யார் என்பதும், யாருக்குப் பின் ஆண்டவர் என்பதும், அருகிருந்த சிறுமி யார் மகள் என்பதும் அறுத்தெடுத்த இடத்திலேயே அழிந்துவிடுகின்றன. ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, அதன் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டுவதற்கு இது ஒப்பாகும்.

ஆகவே, நம் மாணவர்க்குப் பழஞ்சிற்பத்தின் படம் ஒன்றைக் காட்டும்பொழுது, அது எத்துணை அழகியது என்பதோடு நிறுத்திவிடாமல் மூன்று வினாக்களை எழுப்பச் சொல்லலாம். இது முதலில் எங்கே நின்றது? இதன் அருகில் வேறென்ன இருந்தது? இதில் எழுதியிருப்பது யாது? இம்மூன்றில் ஒன்றுக்கு விடை கிடைக்கவில்லையாயின், கிடைத்த விடையை முழு விடையாகக் கொள்ளாதிருக்கவும் அவர்களைப் பழக்கலாம்.

மாயர் மறைந்துபோன இனத்தார் அல்லர். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் அவர் வழித்தோன்றல்கள் பல இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர். ஏறத்தாழ முப்பது மாயர் மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. 1980களின் பிற்பகுதியிலிருந்து, கல்வெட்டு அறிஞர் சிலர் குவாத்தமாலாவிலே மாயர் மொழி ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் அப்பழைய எழுத்தைக் கற்பிக்கும் வகுப்புகளை நடத்தினர். ஏடுகள் எரிக்கப்பட்டு நானூறு ஆண்டுக்கு மேல் கடந்தபின், முன்னோர் எழுத்தை அம்மக்கள் மீண்டும் தம் கையால் எழுதக் கற்றனர்.

புரோசுகூரியாக்கோவ் அம்மையார் 1985இல் மறைந்தார். 1998ஆம் ஆண்டில் அவரது சாம்பல் பியெத்ராசு நெக்ராசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் அளந்து வரைந்த மாளிகை மேட்டின் உச்சியில் அடக்கம் செய்யப்பட்டது.